மணிமாறனுக்கு அடித்த கார்டு

கப்பலின் ஒன்பதாம் மாடியில் காலைச் சாப்பாட்டுக் கூடம். ஷியாமளா மேசைமேல் வைத்த மூன்று சீட்டுகளைப் பார்த்ததும் வைரவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

“பூநாரையும் பழைய கோட்டையும். அரைநாள் டூர். நம்ம சந்தியாவுக்கு ஸ்கூல்ல பறவை ப்ராஜெக்ட் இருக்குல்ல? நேத்தே புக் பண்ணிட்டேன்” என்றாள்.

“எந்தக் கோட்டை?” கேட்கும்போதே அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

“சலாலாவுக்குக் கிழக்கேயாம். கழிமுகத்துக்கு மேல ஒரு மேடு, அதுல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின துறைமுக ஊரு இடிஞ்சு கெடக்காம். கீழ தண்ணியில பூநாரை கூட்டம் கூட்டமா நிக்குமாம்.”

“எனக்கு முட்டி வலிக்குது ஷியாமா. நீயும் பாப்பாவும் போய்ட்டு வாங்க.”

“முட்டியா? முந்தாநாள் மஸ்கட்ல அல்வா வாங்க மூணு கடை ஏறி இறங்குனீங்களே, அப்ப எங்க போச்சு இந்த முட்டி?”

ஒன்பது வயது சந்தியா வாயில் ரொட்டியோடு சிரித்தாள். “ப்ளீஸ்ப்பா. நீங்க வரலைன்னா பைனாகுலரை யார் ஹோல்டு பண்றது?”

வைரவன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்ய?

துபாயில் ஜிப்சம் பலகைக் கூரை வேலை எடுத்துச் செய்யும் சின்னக் கம்பெனி அவனுடையது. முப்பது ஆட்கள். கராமாவில் இரண்டு அறை வீடு. கப்பலில் போகவேண்டும் என்று ஷியாமளா இரண்டு வருடமாக அரித்தெடுத்து, இந்த 2008 பிப்ரவரியில்தான் புறப்பட்டார்கள். கப்பல் சலாலாவில் நிற்கும் என்பது தெரிந்தேதான் சம்மதித்தான். இறங்காமல் அறையிலேயே கிடந்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

அவனுடைய கம்பெனியில் ஒரு விசித்திரம் உண்டு. மாலையில் ஆட்கள் பஸ் ஏறும்போது முதலாளியே வாசலில் நின்று ஒவ்வொருவன் தோளையும் தொட்டு எண்ணுவார். ‘தொட்டு எண்ணி’ என்று பின்னால் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். கார்டு அடிக்கும் மெஷின் வாங்கினால் வேலை சுலபம் என்று எத்தனையோ பேர் சொல்லிவிட்டார்கள். அது மட்டும் என் வாசலுக்குள் வரக்கூடாது என்று ஒரே பிடிவாதம். ஏன் என்று கட்டிய மனைவிக்கும் தெரியாது.

தெரிந்தவன் ஒருவன்தான். மணிமாறன். அவன் பேசிப் பதின்மூன்று வருடமாகிறது.

திருப்பத்தூர்ப் பக்கம் இருவருக்கும் அடுத்தடுத்த ஊர். ஒரே ஏஜென்ட், ஒரே விமானம். 1994-இல் சலாலாவில் வந்து இறங்கினார்கள். அந்த இடிபாட்டைச் சுற்றி வேலி போடவும், பார்க்க வருபவர்களுக்கு நடைபாதை போடவும் ஒரு கம்பெனி ஆள் எடுத்திருந்தது. வாசலில் ஒரு கண்டெய்னர் கேபின். அதற்குள் வந்த நேரமும் போன நேரமும் பதிகிற கார்டு மெஷின். சாயங்காலம் ஐந்தரைக்கு வரிசை அனுமார் வால் மாதிரி நீளும். அதனால் ரூமுக்கு ஒருவன் முன்னால் ஓடி, ரூமில் இருக்கும் ஐந்து பேர் கார்டையும் தானே அடித்துவிடுவான். எல்லா ரூமிலும் இதே வழக்கம். யாருக்கும் அது தப்பாகப் பட்டதில்லை.

அன்று மணிமாறனுக்குக் காய்ச்சல். “மாப்ளே, அந்தப் பாறைக்கு அடியில நெழலு இருக்கு. கொஞ்சம் சாயுறேன். கார்டைப் பாத்துக்க” என்றான்.

“நீ போய்ப் படு மாப்ளே. நான் அடிச்சுக்கிறேன்.”

ஐந்தரைக்கு வைரவன் ஐந்து கார்டும் அடித்தான். லாரி இரண்டு. முதல் லாரியில் இருந்தவர்கள் மணிமாறன் பின்னால் வருகிறான் என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவன் முன்னால் போய்விட்டான் என்று நினைத்தார்கள். கேம்ப்பில் அவன் கட்டில் காலியாக இருந்தது. காய்ச்சலுக்கு ஊசி போட டவுனுக்குப் போயிருப்பான் என்று யாரோ சொல்ல, அசதியில் எல்லாரும் படுத்துவிட்டார்கள்.

விடிந்து வேலைக்கு வந்ததும் வைரவன் அந்தப் பாறைக்கு ஓடினான். நேற்று நிழல் இருந்த இடத்தில் ஒரு கற்குவியல் கிடந்தது. மேலே பாறை புதிதாக உடைந்து வெள்ளை வெளேரென்று தெரிந்தது. “மாப்ளே” என்று கூப்பிட்டான். பலமாகக்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பதில் வரவில்லை.

திரும்பி வந்தபோது ஃபோர்மேன் கையில் மணிமாறனின் கார்டு இருந்தது. “அஞ்சு முப்பத்திரண்டுக்கு வெளிய போயிருக்கான். ஓடிட்டான். கலாஸ், முடிஞ்சுபோச்சு” என்றார். அன்றைக்கே போலீஸில் ‘ஓடிப்போனவன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்தவன் கார்டை அடித்து மாட்டிக்கொண்டவனுக்கு மறுநாளே ஊருக்கு டிக்கெட். வைரவன் வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று வாயை மூடிக்கொண்டான். அப்புறம் அந்த நாளை வரவே இல்லை.

ஊரில் மணிமாறனின் மனைவி பஞ்சவர்ணம் இருந்தாள். கல்யாணமாகி ஒன்றரை வருடம். முதல் லீவில் வைரவன் போனபோது பஸ் ஸ்டாப்பிலேயே மறித்துவிட்டாள். “அவுகள யாராச்சும் பாத்தாகளாண்ணே?” என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா நிற்க முடியவில்லை. “ஷார்ஜாவுல பாத்ததா ஒருத்தன் சொன்னாம்மா” என்று வாய் தானாக உளறிவிட்டது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் தாலியைக் கழற்றவில்லை. வளைகுடாவுக்கு விமானம் ஏறுகிற ஒவ்வொருவன் கையிலும் அவன் போட்டோவைத் திணிக்கிறாள். ‘அரபு நாட்டுல எவளையோ வச்சிக்கிட்டான்’ என்று ஊர் அவள் காதுபடவே பேசுகிறது.

சொன்னால்தான் அவளுக்கு விடுதலை. சொன்னால் தன் கதை முடிந்தது. இந்த இரண்டுக்கும் நடுவேதான் வைரவன் பதின்மூன்று வருடமாகக் குடியிருந்தான்.

துறைமுகத்தில் ஒரு நடுத்தரப் பஸ் நின்றது. டிரைவரும் அவரே, வழிகாட்டியும் அவரே. பெயர் கௌஸ் முகைதீன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதலில் எல்லாருக்கும் இங்கிலீஷில் வணக்கம் சொன்னவர், இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு முகம் மலர்ந்தார்.

“தமிழா? எந்தப் பக்கம் தம்பி?”

“திருப்பத்தூர். சிவகங்கை ஜில்லா.”

“அட, நான் இளையான்குடி! அப்ப நம்ம வண்டியில நீங்கதான் மாப்பிள்ளை வீடு. மத்த இருவத்தஞ்சு பேரும் வெள்ளக்காரவுக.”

பஸ் படிக்கட்டுக்கு மேலே ஒரு பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட வில்லை தொங்கியது.

“கீழ எறங்கும்போது உங்க நம்பர எடுத்துக்கிட்டுப் போகணும். ஏறும்போது திரும்ப மாட்டணும். பலகை நெறஞ்சா வண்டிய எடுப்பேன். ஒருத்தரக்கூட எண்ண வேண்டாம் பாருங்க” என்றார் கௌஸ் முகைதீன் பெருமையாக.

வைரவன் அந்தக் கொக்கிகளைப் பார்த்தான்.

முக்கால் மணி நேரத்தில் மேடு வந்தது. எதுவும் மாறவில்லை. கருங்கல்லும் மண்ணுமாக இடிந்த சுவர்கள், கீழே பச்சைக் கண்ணாடி மாதிரி கழி, அதற்கு அப்பால் கடல். தண்ணீரில் முழங்கால் அளவு நின்று ஒட்டகங்கள் புல் மேய்ந்தன. கரை ஓரமாக இளஞ்சிவப்பில் பூநாரைகள். வாசலில் இருந்த கண்டெய்னரைக் காணோம். அங்கே இப்போது ஒரு காவலாளி கூண்டு. ஆனால் காலுக்குக் கீழே இருந்த பாதை அதே பாதை. அந்தச் சதுரக் கல்லில் பாதி மணிமாறன் சுமந்தது.

மூன்று வில்லைகளையும் வைரவனே எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பாஸ்போர்ட், டிக்கெட், சாவி எல்லாமே வீட்டில் அவன் பொறுப்பு.

“இங்கேருந்துதான் சாம்பிராணி கப்பல் ஏறும். வந்த கப்பல்ல நம்ம ஊருப் பக்கத்துக் கப்பலும் இருந்திருக்கும்னு சொல்லுவாக” என்று கௌஸ் முகைதீன் கதை சொல்லிக்கொண்டே முன்னால் போனார். ஷியாமளா போட்டோவாக எடுத்துத் தள்ளினாள். சந்தியா பைனாகுலரைக் கண்ணில் வைத்துப் பறவைகளை எண்ணினாள்.

“நாப்பத்தி ஒண்ணு, நாப்பத்தி ரெண்டு... அப்பா, அங்க ஒரு அங்கிள் தூங்குறார்.”

வைரவன் சட்டென்று திரும்பினான். “எங்க?”

“அந்த ராக்ஸ் பக்கத்துல. தலைல துண்டு கட்டியிருக்கார். புளூ டிரஸ்.”

கம்பெனி கொடுத்த உடுப்பு நீல நிறம்தான். வைரவன் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தான். கடலை நோக்கி நீண்ட முனை. அதன் சரிவில் கற்குவியல். உச்சி வெயிலில் அது காய்ந்துகொண்டிருந்தது. யாரும் இல்லை.

“ஒருத்தரும் இல்ல பாப்பா. கல்லுதான்.”

“எழுந்துட்டார்ப்பா. பாருங்க, உங்களைத்தான் கூப்பிடுறார். இப்படி இப்படிக் கை காட்டுறார்.”

“பேசாம வா!”

அவன் அப்படி அதட்டி அவள் கேட்டதே இல்லை. முகம் சுண்டிப்போனது. ஷியாமளா முறைத்தாள். “வெயில்ல எனக்கே மண்டையைப் பிளக்குது. பிள்ளைய ஏன் விரட்டுறீங்க? நான் போய் வண்டியில படுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

“நீயும் அம்மாவோட போ” என்றான் வைரவன் மகளிடம். சொன்னவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அந்த முனை கண்ணில் படும். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, கல்லை எண்ணுவதுபோல நேரத்தைப் போக்கினான். காற்று அடித்தது. காற்றில் யாரோ முனகுவதுபோல இருந்தது. கடல்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் ஓட்டமும் நடையுமாகப் போனான். இந்த இடத்தை விட்டுப் போனால் போதும். படியில் கால் வைத்ததும் கை பைக்குள் போனது. மூன்று வில்லைகளையும் எடுத்து மூன்று கொக்கிகளில் மாட்டியது. பலகை நிறைந்தது. கடைசி வரிசையில் ஷியாமளா துப்பட்டாவால் முகத்தை மூடிப் படுத்திருப்பது தெரிந்தது. அவள் பக்கத்தில் பைகள் குவிந்திருந்தன. பாப்பா அந்தப் பக்கம் ஜன்னலோரம் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு முன் சீட்டிலேயே உட்கார்ந்து கண்ணை மூடினான்.

“யல்லா!” என்று வண்டியை எடுத்தார் கௌஸ் முகைதீன்.

இருபது நிமிடம் போயிருக்கும். ரோட்டை மறித்து ஒட்டக மந்தை ஒன்று நிதானமாகக் கடந்தது. வெள்ளைக்காரர்கள் காமிராவோடு இறங்க ஆசைப்பட்டார்கள். வண்டி நின்றது. தூக்கக் கலக்கத்தோடு ஷியாமளா முன்னால் வந்தாள்.

“சந்தியா எங்க? ஒட்டகத்தைப் பாக்கக் கூப்பிடுங்க.”

“உன்கூடத்தானே இருக்கா?”

“என்கூடயா? உங்ககூட இல்ல விட்டுட்டு வந்தேன்!”

அடுத்த கணம் ஷியாமளா போட்ட அலறலில் ஒட்டகங்கள் மிரண்டு ஓடின.

கௌஸ் முகைதீன் பலகையைப் பார்த்தார். “வில்லை மூணும் தொங்குதே? பாப்பா ஏறியிருக்கணுமே! யாரு மாட்டினது?”

“நான்தான்” என்றான் வைரவன்.

“மூணையுமா? பிள்ள ஏறிச்சான்னு பாக்காமலா தம்பி?”

வைரவன் பலகையில் தொங்கிய மூன்றையும் பார்த்தான். வருடக்கணக்கில் ஆட்களின் தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணியவன். பெற்ற மகளுக்கு மட்டும் வில்லை மாட்டிவிட்டு வந்திருக்கிறான்.

பஸ் திரும்பிப் பறந்தது. ஷியாமளா இரண்டு கையாலும் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “ஒரே ஒரு பிள்ளைங்க! கீழ தண்ணி கெடக்குது! பாறை கெடக்குது!” பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவி அவளை அணைத்துக்கொண்டு ஏதோ ஜெபித்தாள். வைரவன் மட்டும் அழவில்லை. மகள் எங்கே இருப்பாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் அழுகைகூட வரவில்லை.

வாசலில் காவலாளி இல்லை. தொழுகைக்குப் போயிருந்தார். வைரவன் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். சுவர்களைத் தாண்டி, பாதையைத் தாண்டி, வேலியில் அறுந்துகிடந்த இடைவெளியில் புகுந்து சரிவில் இறங்கினான். பின்னால் கௌஸ் முகைதீனும் ஷியாமளாவும் மூச்சிரைக்க வந்தார்கள்.

சந்தியா உட்கார்ந்திருந்தாள். பாறை நிழலில் இல்லை. அதற்கு முப்பது அடி தள்ளி, கொளுத்தும் வெட்டவெளியில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் அதில் பயம் இல்லை.

ஷியாமளா மகளை வாரி எடுத்து முகமெல்லாம் முத்தமிட்டாள். “இங்க எதுக்குடி வந்த?”

“அந்த அங்கிள் கூப்பிட்டார்மா. அப்பாவைத்தான் கூப்பிட்டார். அப்பா போகலை. அதனால நான் வந்தேன். வந்து பாக்குறதுக்குள்ள பஸ் போயிடுச்சு.”

“நெழல்ல ஒக்காரக் கூடாதா பாப்பா? இப்படி வெயில்ல காயுறியே” என்றார் கௌஸ் முகைதீன்.

“ஒக்காரத்தான் போனேன். அங்கிள் வேணாம்னார். அங்க கல்லு விழுமாம். இங்க இருந்தாதான் வண்டிக்குத் தெரியும்னார்.”

கௌஸ் முகைதீன் சுற்றிலும் பார்த்தார். கற்குவியல், கடல், பூநாரைகள். மண்ணில் சின்னச் செருப்புத் தடம் ஒன்று மட்டும்தான் இருந்தது. உதட்டுக்குள் எதையோ ஓதிக்கொண்டார்.

வைரவன் மகள் முன்னால் மண்டி போட்டான். “அவரு வேற என்ன சொன்னாரு?”

“நான் அழுதேனா? அழாதே, உங்க அப்பன் வருவான், என் மாப்ளைக்கு இந்த எடம் நல்லாத் தெரியும்னார். அப்பா, அவர் உங்க ஃப்ரெண்டா?” சந்தியா தண்ணீர் பாட்டிலை வாங்கிக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். “அவரையும் இப்படித்தான் விட்டுட்டுப் போயிட்டாங்களாம். போனதா எழுதிட்டாங்களாம். அதனால யாரும் தேடலையாம். கால் மேல கல்லு. நைட் ஃபுல்லா கத்தினாராம். அப்புறம் வாய்ஸ் போயிடுச்சாம்.”

“சந்தியா, போதும்” என்றாள் ஷியாமளா நடுங்கி.

“சொல்லட்டும்” என்றான் வைரவன்.

“காலைல ஒருத்தர் வந்து கூப்பிட்டாராம்ப்பா. ரொம்ப மெதுவா. இவர் பதில் சொன்னாராம். ஆனா சத்தமே வரலையாம். அவர் கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாராம்.”

வைரவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். மெதுவாகக் கூப்பிட்டதை உலகத்தில் இரண்டே பேர்தான் அறிவார்கள். கூப்பிட்டவன் ஒருவன். பதில் சொன்னவன் ஒருவன்.

இத்தனை வருடம் அவன் ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினான். கல் விழுந்ததுமே மணிமாறன் போயிருப்பான், நான் வாயைத் திறந்திருந்தாலும் பிணம்தான் கிடைத்திருக்கும். அந்த நினைப்பு இப்போது போய்விட்டது.

“பாய்” என்றான் கௌஸ் முகைதீனை நிமிர்ந்து பார்த்து. “இந்தக் கல்லுக்கு அடியில ஒருத்தன் கெடக்கான். பேரு மணிமாறன். பதிமூணு வருஷம். அவன் வெளிய போனதாக் கார்டு அடிச்சவன் நான்.”

எல்லாவற்றையும் சொன்னான். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

கௌஸ் முகைதீன் தலையிலிருந்து தொப்பியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். “தம்பி, நான் ஒரு வார்த்தை சொல்றேன். கப்பல் அஞ்சு மணிக்குக் கெளம்பும். போலீஸுன்னு போனா இன்னைக்கு விட மாட்டாக. எப்ப விடுவாகன்னும் சொல்ல முடியாது. ஓங்க கம்பெனி, வீடு, பிள்ள படிப்பு, அம்புட்டும் யோசிச்சுக்க. நீ சொன்னது என் காதுல விழல. காத்து பலமா அடிச்சுச்சு. அம்புட்டுத்தான்.”

வைரவன் மனைவியைப் பார்த்தான். ஷியாமளா அவனை முதல்முறையாகப் பார்ப்பவள்போல நின்றாள்.

“எந்த மணிமாறன்?” என்றாள். “பஞ்சவர்ணத்து வீட்டுக்காரரா?”

தலையாட்டினான்.

“நம்ம கல்யாணத்துக்கு வந்து பந்தியில பரிமாறுனாளேங்க அவ. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, ‘துபாய் போனா அவுகளத் தேடச் சொல்லு’ன்னு அழுதாளே. நீங்க பக்கத்துல மாலையும் கழுத்துமா நின்னீங்களே!” குரல் உடைந்தது. அறைவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கைப்பையைத் திறந்து தன் செல்போனை அவன் மடியில் போட்டாள். “அவ நம்பர் இதுல இருக்கு. ஒவ்வொரு லீவுலயும் கொடுத்துத்தான் அனுப்புறா. போலீஸ் அப்புறம் வரட்டும். முதல்ல அவளுக்குச் சொல்லுங்க.”

“நீயும் பாப்பாவும்?”

“இவங்ககூட துறைமுகத்துக்குப் போய் பெட்டியையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கிட்டு வரேன். கப்பல் போகட்டும்” என்றாள். அதற்கு மேல் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறினாள். சந்தியா அவள் தோளுக்கு மேலாகக் கற்குவியலைப் பார்த்துக் கை அசைத்துக்கொண்டே போனாள்.

“நான் போலீஸுக்குச் சொல்லிடுறேன் தம்பி. காவக்காரரையும் இங்க அனுப்புறேன்” என்று கௌஸ் முகைதீன் தயங்கித் தயங்கி அவர்கள் பின்னால் போனார்.

வைரவன் தனியானான். எண்ணை அழுத்தினான். மூன்றாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் எங்கோ டிவி ஓடியது.

“யாரு?”

“நான் வைரவன்மா.”

“வைரவண்ணனா? துபாய்லேருந்தா?” டிவி சத்தம் சட்டென்று நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. “அவுகளப் பாத்தியளாண்ணே?”

பதின்மூன்று வருடமாக ஒரே கேள்வி. அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

“அவன் ஓடலம்மா. ஷார்ஜாவுல யாரும் அவனப் பாக்கல. நான் சொன்னது பொய்யி. அவன் வேலை செஞ்ச எடத்தை விட்டு எங்கயும் போகல. சலாலாவுலதான் இருக்கான். பாறை சரிஞ்சு... அதே நாளு.”

லைன் அறுந்துவிட்டதோ என்று போனைப் பார்த்தான். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“சாயங்காலம் வெளிய போனதுக்குக் கார்டு இருக்குன்னு கம்பெனிக்காரன் கடுதாசி போட்டானே” என்றாள் கடைசியில். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்.

“அந்தக் கார்டை அடிச்சது நான்.”

“ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“மறுநாளு காலையில.”

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தான். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

“இப்ப எங்க இருக்கிய?”

“அந்தக் கல்லுகிட்டதாம்மா ஒக்காந்திருக்கேன்.”

“பக்கத்துலயா?”

“பக்கத்துல.”

“அப்ப எழுந்திரிக்காதிய. தோண்டி எடுக்குற வரைக்கும் அங்கனயே இருங்க. இனி ஒரு நிமிசம் அவுகளத் தனியா விடக் கூடாது. கேட்டுச்சா?”

“இருக்கேம்மா. நான்...”

“பேசாதிய” என்றாள் திடீரென்று. “கொஞ்சம் வாய மூடுங்க. ஒங்களுக்குப் பின்னால யாரோ கூப்புடுறாக.”

வைரவன் திரும்பினான். சரிவில் யாரும் இல்லை. கழியில் பூநாரைகள் ஒன்றுபோலத் தலையைத் தூக்கிக் கற்குவியலைப் பார்த்து நின்றன. காற்றுகூட விழுந்துவிட்டிருந்தது. அவன் காதுக்கு ஒரு சத்தமும் எட்டவில்லை.

“ஆமா, நான்தேன்” என்று போனுக்குள் பஞ்சவர்ணம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் குரல் குழைந்துபோயிருந்தது. இத்தனை நேரம் அவனிடம் பேசிய குரல் அது இல்லை. “பஞ்சுதேன் பேசுறேன். சொல்லுங்க. நல்லாக் கேக்குது.”

வைரவன் போனைக் காதிலிருந்து எடுத்தான். கையை நீட்டிக் கற்களின் பக்கமாகப் பிடித்தான். தோள் கடுத்தது. ரோட்டில் போலீஸ் ஜீப்பின் புழுதி தெரிகிற வரைக்கும் அவன் கையை இறக்கவில்லை.